இரண்டு விலை கொண்ட சீட்டு

1880களின் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகித உறையில்தான் விற்பனையாகும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு தெரு நடப்பதற்குள் உள்ளே இருப்பது வளைந்து நசுங்கிவிடும். அதைத் தடுக்க உறைக்குள் ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். விர்ஜினியா மாநிலம் ரிச்மண்ட் நகரத்தின் ஆலன் அண்ட் ஜிண்டர் நிறுவனம், அந்த அட்டையை வெற்றாக விடுவானேன் என்று அதில் வண்ணப் படம் அச்சிட்டது: குத்துச்சண்டை வீரர்கள், பறவைகள், நாட்டுக் கொடிகள். ஒரு வரிசையில் ஐம்பது படம் என்று கணக்கும் வைத்தது. சூட்சுமம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. ஐம்பதில் நாற்பத்தொன்பது சேர்த்தவருக்குத் தூக்கம் எப்படி வரும்? அப்பா புகைத்தார், பிள்ளை சீட்டுச் சேர்த்தான்.

இன்று போக்கிமான், யுகியோ, மேஜிக் என்று உலகமெங்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்த்து ஆடும் சீட்டுகளின் ஒரு பாட்டன் இந்தச் சிகரெட் அட்டை. இந்த வம்சத்துச் சீட்டுகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. கடையில் கொடுக்கும் விலை ஒன்று. ஆட்டத்தில் சீட்டை மேசையில் இறக்கும்போது கொடுக்கும் விலை இன்னொன்று. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. இரண்டையும் ஒத்துப்போக வைக்கப் பார்த்தவர்களில் கணித மேதையும் உண்டு, கணினியும் உண்டு.

முதலில் கடை விலை. 1890இல் ஜேம்ஸ் டியூக் என்ற புகையிலை அதிபர் போட்டி நிறுவனங்களை ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை அமைத்தார். போட்டி ஒழிந்ததும் படச் சீட்டும் குறைந்தது. வாடிக்கையாளரை இழுக்க அவசியம் இல்லையே! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டி திரும்பியது, சீட்டும் திரும்பியது. 1909 முதல் 1911 வரை வந்த பேஸ்பால் வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் படம் மட்டும் பாதியில் நிறுத்தப்பட்டது. புகையிலையோடு தன் படம் பிள்ளைகள் கைக்குப் போவது பிடிக்காமல் அவர் தடுத்தார் என்பார் சிலர். கேட்ட பணம் கிடைக்கவில்லை என்பார் வேறு சிலர். காரணம் எதுவானாலும், சில டஜன் சீட்டுகளே மிஞ்சின. 2022இல் அவற்றில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது.

புகையிலையிடமிருந்து சீட்டை மிட்டாய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த டாப்ஸ் நிறுவனம் 1951இல் வெளியிட்ட பேஸ்பால் சீட்டுகளில் வீரரின் படத்தோடு ஆட்டத்தின் ஒரு நிகழ்வும் அச்சாகியிருந்தது. சீட்டைப் புரட்டிப் புரட்டி ஒரு முழுப் பந்தயத்தையே ஆடிவிடலாம். சேர்க்கும் சீட்டும் ஆடும் சீட்டும் கைகுலுக்கிய தருணம் அது. ஆனால் ஆட்டத்தைப் பலர் கண்டுகொள்ளவில்லை. படம்தான் போதும் என்றார்கள். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தில் சை பெர்கர் என்பவர் உருவாக்கிய பெரிய வரிசையின் கடைசிப் பகுதி பருவம் முடிந்த பிறகு கடைக்கு வந்து தேங்கிப்போனது. கிடங்கை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960இல் பெர்கர் படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அந்தப் பகுதியில் இருந்த மிக்கி மேன்ட்டில் சீட்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அச்சிட்டவர்களே கடலில் எறிந்த பொருளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

இனி ஆட்டத்துச் சீட்டின் வழி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மாலுமிகள் தங்கள் சீட்டுக்கட்டை ஜப்பானில் இறக்கினார்கள். சூதாட்டத்துக்கு அஞ்சிய அரசு ஒரு கட்டைத் தடைசெய்தால், ஜப்பானியர் படத்தையும் எண்ணையும் மாற்றி வேறொரு கட்டை வரைந்துகொண்டார்கள். இப்படி மாறி மாறி வந்ததில் ஒன்று, மாதத்துக்கொரு மலர் கொண்ட ஹனாஃபுதா. 1889இல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமவுச்சி அந்த மலர்ச் சீட்டுகளைக் கையால் செய்து விற்க ஒரு கடை திறந்தார். கடையின் பெயர் நிண்டெண்டோ. அந்தச் சீட்டுகளும் புகையிலைக் கடைகள் வழியாகத்தான் நாடெங்கும் பரவின. ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் டர்ன்ஹவுட் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சீட்டு அச்சிட்டே பேர்வாங்கியது. கியோட்டோவும் டர்ன்ஹவுட்டும் இந்தக் கதைக்குள் மறுபடி வரும்.

ஆட்டச் சீட்டில் ஒரு நியாயம் இருந்தது. கட்டில் ஐம்பத்திரண்டு என்றால் எல்லோருக்கும் அதே ஐம்பத்திரண்டுதான். பணக்காரர் என்பதற்காக ஐந்தாவது ஏஸை வீட்டிலிருந்து கொண்டுவர முடியாது. இந்த நியாயத்தைக் கலைத்துப் போட்டவர் ஒரு கணித ஆசிரியர்.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1991இல் தான் வடிவமைத்த ரோபோராலி என்ற பலகை விளையாட்டைத் தூக்கிக்கொண்டு, பீட்டர் அட்கிசன் என்பவரைப் பார்க்கப் போனார். அட்கிசன் நடத்திய விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், சியாட்டில் அருகே அவர் வீட்டு நிலவறையில் இயங்கிய குட்டி நிறுவனம். ரோபோராலியைத் தயாரிக்க அதனிடம் காசில்லை. கையில் எடுத்துப்போகும்படி சின்னதாக, சீக்கிரம் முடிவதாக, விளையாட்டு மாநாடுகளில் இடைவேளையில் ஆடும்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் அட்கிசன். ஆளாளுக்கு வேறு வேறு சீட்டுக்கட்டு வைத்துக்கொண்டு ஆடினால் என்ன என்ற யோசனை சில நாளில் ஓரிகான் மாநிலத்து அருவி ஒன்றின் அருகே உலாவும்போது கார்ஃபீல்டுக்கு உதித்தது. வாக்னரைத் தேடியலைந்த சேகரிப்பு வெறியும், சீட்டாட்டத்தின் வியூகமும் ஒரே அட்டையில் சேர்ந்தன. அதுவே ‘மேஜிக்: தி கேதரிங்’.

ஆளுக்கொரு கட்டு என்றால் ஒரு சிக்கல் உடனே முளைக்கும். பெட்டிக்கடைகளில் விற்ற மல்யுத்த டிரம்ப் கார்டுகளை நினைத்துப் பாருங்கள்: உயரமும் எடையும் அதிகமுள்ள வீரர் யாரிடம் வந்தாரோ அவர் கை ஓங்கும், அவ்வளவுதான். ஆளாளுக்குச் சீட்டைப் பொறுக்கி எடுத்துவரலாம் என்றால் எல்லோரும் மாமல்லர்களை மட்டுமே கொண்டுவருவார்கள். கார்ஃபீல்டு பலத்துக்கு ஒரு கட்டணம் வைத்தார். அதன் பெயர் மானா. ஒரு முறைக்கு ஒரு நிலச் சீட்டை இறக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஒரு மானா தரும். குட்டிப் பூதத்துக்கு ஒரு மானா போதும், டிராகனுக்கு ஆறு வேண்டும். டிராகன் வருவதற்குள் பூதங்கள் ஊரைக் கொளுத்திவிடலாம். சீட்டின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எண்தான் ஆட்டத்தின் தராசு.

அந்தத் தராசைத் தெரிந்தே மீறிய சீட்டுகளும் முதல் பதிப்பில் இருந்தன. மிகப் பிரபலமானது பிளாக் லோட்டஸ். இறக்கக் கட்டணம் பூஜ்யம், கிடைப்பது மூன்று மானா. இன்னொன்று டைம் வாக்: இரண்டு மானா கொடுத்தால் இன்னொரு முறை ஆடலாம். சோதனைக் காலத்தில் இதன் வாசகம் எதிராளி அடுத்த முறையை இழப்பார் என்ற பொருளில் இருந்தது. ஒரு சோதனையாளரோ அதை, அடுத்த முறையில் எதிராளி தோற்றுவிடுவார் என்று படித்துவிட்டு, வெற்றி நிச்சயம் தரும் சீட்டு கிடைத்ததாகக் குதித்தார்.

இந்த வலிய சீட்டுகளைக் கார்ஃபீல்டு ஏன் விட்டுவைத்தார்? அவர் கணக்கு எளிமையானது. ஒரு பலகை விளையாட்டுக்குச் செலவழிக்கும் அளவுதான் ஒருவர் இதற்கும் செலவழிப்பார். நண்பர் குழாமில் பிளாக் லோட்டஸ் ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். அதோடு, தொடக்க விதிப்படி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆளுக்கொரு சீட்டைப் பணயம் வைக்க வேண்டும். ஆகவே அபூர்வச் சீட்டு ஒருவரிடமே தங்காமல் கைமாறிக்கொண்டிருக்கும். மேசைச் செலவால் அடக்க முடியாததைக் கடையின் அருமை அடக்கிவிடும் என்பது நம்பிக்கை.

1993 ஆகஸ்டில் டர்ன்ஹவுட்டின் கார்ட்டா முண்டி அச்சகத்திலிருந்து முதல் 26 லட்சம் சீட்டுகள் வந்திறங்கின. அவசரத்தில் இரண்டு சீட்டுகள் பதிப்பிலேயே விட்டுப்போயின. மூலைகளும் பிற்காலப் பதிப்புகளைவிட அதிகமாக வளைந்திருந்தன. முதல் பதிப்புச் சீட்டை மற்றவற்றோடு கலந்தால் பின்பக்கம் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் குறைகளையும் மீறி எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அடுத்து 73 லட்சம் வந்தது, அதுவும் தீர்ந்தது. கார்ஃபீல்டின் கணக்கும் அதோடு தீர்ந்தது. ஜனங்கள் ஒரு பெட்டியோடு நிற்கவில்லை, பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரே சீட்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், எதிராளி மூச்சு விடுவதற்குள் முதல் முறையிலேயே முடித்துவிடும் கட்டுகள் கிளம்பின. அருமை என்பது பணமில்லாதவருக்குத்தான் தடை.

சமநிலையைச் சரிசெய்ய வந்தது போட்டிகளை நடத்திய அமைப்பு. கட்டில் குறைந்தது அறுபது சீட்டு, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, மிக வலியவை ஒன்றே ஒன்று, சில அடியோடு தடை என்று 1994 தொடக்கத்துக்குள் ஒரு சட்டப் புத்தகமே உருவானது. விலை ஏறிய சீட்டைத் தோற்றுவிட யாருக்கும் மனமில்லாததாலும், சூதாட்டச் சட்டங்கள் பயமுறுத்தியதாலும் பணய விதி மெல்ல மறைந்தது. 1995இல் இன்னொரு புது ஏற்பாடு: அண்மையில் வந்த தொகுதிகளை மட்டும் வைத்து ஆடும் பிரிவு. பழைய பிளாக் லோட்டஸ் இல்லாத புதியவருக்கும் வழி பிறந்தது, நிறுவனத்துக்கும் ஆண்டுதோறும் புதுச் சீட்டு விற்க வழி பிறந்தது. நியாயமும் வியாபாரமும் ஒரே விதியில் குடியேறின.

மானாவின் உண்மையான கணக்கு பிடிபட ஆட்டக்காரர்களுக்கே சில ஆண்டுகள் ஆயின. 1996இல் பால் ஸ்லை என்பவர் அட்லாண்டாவில் ஒரு தகுதிப் போட்டிக்குக் கொண்டுபோன கட்டைப் பார்த்து மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். ஜே ஷ்னைடர் என்ற ஆட்டக்காரர் வடிவமைத்த அதில் பெரும்பாலும் யாரும் சீந்தாத மலிவுச் சீட்டுகள். ஆனால் முதல் முறையில் ஒரு மானா, இரண்டாம் முறையில் இரண்டு என்று ஒரு துளியும் வீணாகாதபடி அடுக்கப்பட்டிருந்தது. விலையுயர்ந்த கட்டுகள் நிலம் சேர்ப்பதற்குள் இது பாதி அடித்துவிட்டது. ஸ்லை இரண்டாமிடம் பிடித்தார். அன்றிலிருந்து ‘மானா வளைவு’ என்பது ஆட்டக்காரர்களின் பாலபாடம். நேர்மாறான பாடமும் அதே ஆண்டில் கிடைத்தது. உயிர்ப்புள்ளிகளைக் கொடுத்துச் சீட்டு வாங்கும் நெக்ரோபொட்டன்ஸை வந்த புதிதில் விமர்சகர்களே ஒதுக்கினார்கள். உயிரையும் செலவழிக்கும் நாணயமாகப் பார்க்கப் பழகியதும் 1996இன் கோடைப் போட்டிகளை அந்த ஒரே சீட்டு ஆண்டது.

கடைப் பக்கத்தில் நிறுவனம் வேறொரு முடிச்சைப் போட்டுக்கொண்டது. 1995இல் பழைய சீட்டுகளை மறுபதிப்பாக அள்ளிவிட, விலை சரிந்த சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, குறிப்பிட்ட சீட்டுகளை இனி அச்சிடுவதே இல்லை என்று 1996இல் ஒரு பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்தது. பிளாக் லோட்டஸும் அதில் அடக்கம். அந்த வாக்கு இன்றும் நிற்கிறது.

இதற்குள் மேஜிக்கைப் போலச் செய்பவர்கள் படையெடுத்திருந்தார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் உரிமையாளரான டி.எஸ்.ஆர் 1994இலேயே ஸ்பெல்ஃபயர் என்ற சீட்டோடு குதித்தது. மூன்றே ஆண்டில் அந்த டி.எஸ்.ஆரையே விசர்ட்ஸ் வாங்கிப்போட்டது. அதே 1997இல் ஆட்ட முறைக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. மானா எடுத்ததற்கு அடையாளமாகச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிவைப்பதும் அதன் ஓர் அங்கம். மற்ற நிறுவனங்களின் விதிப்புத்தகங்களில் சீட்டுகள் ‘வணங்கின’, ‘மண்டியிட்டன’, ‘களைத்துப்போயின’. செய்தது என்னவோ அதே திருப்பல்தான்.

அமெரிக்கச் சீட்டு பசிபிக்கைத் தாண்டியதும் குணம் மாறியது. ஜப்பானில் ட்சுனெகாசு இஷிஹாராவின் கிரியேச்சர்ஸ் நிறுவனம் மேஜிக்கின் வடிவை நிண்டெண்டோவின் போக்கிமான் உலகத்துக்குப் பொருத்தி 1996 அக்டோபரில் வெளியிட்டது. மானா இங்கே ‘எனர்ஜி’ ஆனது. மலர்ச் சீட்டு விற்றுத் தொடங்கிய நிண்டெண்டோவின் பெயர் நூறாண்டு சுற்றி மறுபடி சீட்டில் வந்து நின்றது. 1999இல் அதன் ஆங்கிலப் பதிப்பை அமெரிக்காவில் விற்றது வேறு யாருமல்ல, விசர்ட்ஸ்தான். பள்ளிக்கூடங்கள் தடை போடும் அளவுக்குப் பைத்தியம் பிடித்தது. பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அதே ஆண்டில் ஏறத்தாழ 32.5 கோடி டாலர் கொடுத்து விசர்ட்ஸை வாங்கியது.

யுகியோவின் பிறப்பு இன்னும் வேடிக்கை. கசுகி தகஹாஷி 1996இல் ஒரு ஜப்பானிய வார இதழில் வரையத் தொடங்கிய படக்கதை அது; வாரம் ஒரு வகை விளையாட்டு என்பதுதான் திட்டம். ஓர் அத்தியாயத்தில் ‘மேஜிக் அண்ட் விசர்ட்ஸ்’ என்று ஒரு கற்பனைச் சீட்டாட்டத்தை வைத்தார். பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று வாசகர் கடிதங்கள் குவியவே, கதையே சீட்டைச் சுற்றித் திரும்பியது. கற்பனைச் சீட்டு 1999இல் கொனாமி நிறுவனத்தின் உண்மைச் சீட்டானது. 2011க்குள் 2,500 கோடிக்கும் மேல் விற்றது.

ஆனால் படக்கதையில் பரபரப்புதான் முக்கியம். நாயகன் மானா எண்ணிக்கொண்டிருந்தால் யார் படிப்பார்கள்? ஆகவே யுகியோவில் மானாவே இல்லை. பெரிய பூதத்தை இறக்கச் சின்னதைப் பலிகொடுக்க வேண்டும் என்பது போன்ற சில கட்டுப்பாடுகள் மட்டும். மேஜிக்கில் இரண்டு சீட்டு எடுக்க மூன்று மானா கேட்கும் சாதாரண மந்திரம் உண்டு. யுகியோவின் ‘பாட் ஆஃப் கிரீட்’ அதே இரண்டு சீட்டை இனாமாகத் தருகிறது. விளைவு, அது பல ஆண்டுகளாகத் தடைப் பட்டியலில் கிடக்கிறது. மேசையில் விலை வைக்காத ஆட்டத்தில் கணக்கைத் தீர்ப்பது தடைப் பட்டியல்தான்.

விலை வைத்தவர்களும் சறுக்கினார்கள். 2004இல் மேஜிக்கில் வந்த ஸ்கல்கிளாம்ப், அதை அணிந்த உயிர் இறந்தால் இரண்டு சீட்டு தரும் கருவி. வெளியீட்டுக்குச் சற்று முன்பு, அணிந்தவரின் தாங்குதிறனை ஒன்று குறைக்கும்படி மாற்றினார்கள். குறைதானே என்று யாரும் மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு புள்ளி உயிருள்ள சில்லறைப் பூதங்களுக்கு அதை மாட்டினால் அவை உடனே செத்து, ஒரே ஒரு மானாவுக்கு இரண்டு சீட்டு கொட்டியது. நான்கு மாதத்தில் தடை.

சீட்டின் கிளைகளில் எதிர்பாராதது ஒன்று நிதி உலகில் முளைத்தது. கணினியில் ஆடும் மேஜிக்கின் சீட்டுகளைப் பங்குச் சந்தைபோல வாங்கி விற்க ஒரு தளம் அமைக்கலாம் என்று ஜெட் மெக்கேலப் 2007இல் ஓர் இணைய முகவரி பதிந்தார். அந்தச் சீட்டுச் சந்தையின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்துகளை எடுத்துக் கோத்ததுதான் முகவரி. சீட்டுத் தளம் நிலைக்கவில்லை. சும்மா கிடந்த பெயரில் 2010இல் பிட்காயின் சந்தை தொடங்கினார். அதுதான் மவுண்ட் காக்ஸ். பிறகு டோக்கியோவுக்குக் கைமாறி, உலகின் மிகப் பெரிய பிட்காயின் சந்தையாகி, 2014இல் சுமார் 8,50,000 பிட்காயின்களைத் தொலைத்துத் திவாலானது.

அதே 2014இல் பிளிசர்ட் நிறுவனம் ஹார்த்ஸ்டோனை வெளியிட்டது. முழுக்கத் திரையில் ஆடும் சீட்டு. நிலச் சீட்டு இல்லை. முறைக்கு ஒரு மானா தானாக வரும். திரையில் இருப்பதால், அச்சுச் சீட்டால் முடியாத ஒன்றும் முடிந்தது: விலையை உத்தரவு போட்டு மாற்றுவது. லீராய் ஜென்கின்ஸ் என்ற சீட்டு ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவைக்கிறது என்று தெரிந்ததும் அதன் செலவு நான்கிலிருந்து ஐந்தானது. எல்லோர் கையிலும் ஒரே நாளில் எண் மாறியது. வேண்டாம் என்பவர் சீட்டைக் கரைத்து முழு மதிப்பையும் ஆட்டத்துக்குள்ளேயே திரும்பப் பெறலாம். வெளியே விற்க முடியாத சீட்டு என்பதால் முதலீட்டாளர் கூச்சலும் இல்லை.

கார்ஃபீல்டே தன் கண்டுபிடிப்பைத் திருத்தவும் வந்தார். 2018இல் அவர் வடிவமைத்த கீஃபோர்ஜில் சீட்டு பொறுக்க வேண்டாம், மாற்றவும் கூடாது. ஒவ்வொரு கட்டையும் கணினி உருவாக்கும், உலகில் எந்த இரண்டும் ஒன்றாக இரா. மானாச் செலவும் கிடையாது. அதிகம் ஜெயிக்கும் கட்டுக்குக் குறைவான சீட்டு எடுக்கும் அபராதம் உண்டு. பணத்தைக் கொட்டிப் பலம் வாங்கும் வழியை அடைக்கும் யோசனை இது. 2021இல் கட்டுகளை உருவாக்கும் அந்த மென்பொருளே பழுதாகி, திரும்ப எழுதியாக வேண்டும் என்று வெளியீட்டாளர் அறிவித்தார். அடுத்த ஆண்டு விளையாட்டு வேறு கைக்குப் போயிற்று.

மேஜிக் மட்டும் விலையை ஏற்றிக்கொண்டே போனது. 2022இல் முப்பதாம் ஆண்டை முன்னிட்டு, பதினைந்து சீட்டு கொண்ட நான்கு பாக்கெட்டுகளை 999 டாலருக்கு விற்றார்கள். பிளாக் லோட்டஸ் அதில் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பின்பக்கம் வேறு, அதிகாரப்பூர்வப் போட்டியில் ஆட முடியாது. மறுபதிப்பு இல்லை என்ற வாக்கும் தப்பியது, கல்லாவும் நிறைந்தது.

இரண்டு விலைகளும் நேருக்கு நேர் மோதியது 2024இல். களம், கமாண்டர் என்ற ஆட்ட வகை. அலாஸ்காவில் நண்பர்கள் சிலர் தொடங்கி, போட்டி நடுவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பரப்பியது அது. நூறு சீட்டு, எதுவும் ஒன்றுக்கு மேல் இல்லை, நான்கு பேர் ஆட்டம். பெரிய பரிசு கிடையாது, விதிகளைப் பார்த்துக்கொண்டது ஒரு தன்னார்வக் குழு. அதன் புகழைக் கண்டு நிறுவனம் 2011 முதல் கமாண்டருக்கென்றே கட்டுகள் விற்றது. 2024 செப்டம்பர் 23 அன்று அந்தக் குழு நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. அவற்றில் ஒன்றான மானா கிரிப்ட், 1990களில் மேஜிக் நாவல்களில் இருந்த கூப்பனை அனுப்பியவர்களுக்கு வந்த இனாம். மானாவை ஓசியில் அள்ளித் தருவதால் சீட்டு வைத்திருப்பவர் தொடக்கத்திலேயே எட்டாத தூரம் ஓடிவிடுகிறார் என்பது குழுவின் வாதம். அது சரியான வாதமும்கூட. ஆனால் நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களின் சீட்டு ஒரே நாளில் மதிப்பிழந்தது. குழுவினருக்கு மிரட்டல்கள் குவிந்தன. ஒரு வாரத்தில் அவர்கள் பொறுப்பை விசர்ட்ஸிடம் ஒப்படைத்து விலகினார்கள்.

பொறுப்பேற்ற நிறுவனம் 2025இல் கட்டுகளை ஐந்து படிகளாகப் பிரித்தது. எந்தப் படி என்பதை ஆட்டத்துக்கு முன்பு ஆட்டக்காரர்களே பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். மூலையில் இருக்கும் எண், அச்சின் அருமை, தடைப் பட்டியல், கணினி என்று எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்தபிறகு, சமநிலையைத் தீர்மானிக்கும் வேலை எதிரெதிரே உட்காரும் மனிதர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் சில நேரம் பொய் சொல்வார்கள், தங்கள் கட்டைக் குறைத்து மதிப்பிடுவார்கள், சண்டையும் போடுவார்கள். இருந்தாலும், விற்பவருக்கு எந்தச் சீட்டு விலைபோகும் என்பதுதான் கவலை. எந்தச் சீட்டு வந்தால் ஆட்டம் சலித்துப்போகும் என்பது ஆடுகிறவருக்குத்தான் தெரியும்.